ஈறுக்குள் ஒரு உபரிப் பல்: இப்போதே எடுப்பதா, பொறுப்பதா?

என் மகனுக்கு ஏழரை வயது. மேலே ஒரு முன்பல் இறங்கி ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதன் ஜோடியைக் காணோம். அதைத் தாண்டி நிற்கும் பல் எட்டிப் பார்க்கிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் அவன் ஆயா, "உங்கப்பனுக்கும் லேட்டாத்தான் முளைச்சுது, விடு" என்றார். ஆனால் இப்படி ஜோடிப்பல் பிந்தினாலோ வரிசை மாறினாலோ எக்ஸ்ரே பார்த்துவிட வேண்டும். பார்த்தோம். பீப்பாய் மாதிரி ஒரு உபரிப் பல் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. 100 பிள்ளைகளில் 1 முதல் 4 பேருக்கு இப்படி இருக்கும், பையன்களுக்குத்தான் அதிகம்.

முதலில் படம். முழுத்தாடைப் படத்தில் பற்களை எண்ணலாம், ஆனால் முன்பக்கம் மங்கலாக விழும். வாய்க்குள் வைக்கும் சின்னப் பிலிமை இரண்டு கோணத்தில் எடுப்பது எனக்குப் பிடித்த வழி: எக்ஸ்ரே குழாய் நகர்ந்த பக்கமே உபரிப் பல்லும் நகர்ந்தால் அது அண்ணப் பக்கம், எதிரே நகர்ந்தால் உதட்டுப் பக்கம். கோன் பீம் ஸ்கேன் முப்பரிமாணத்தில் காட்டும். கதிர்வீச்சும் செலவும் கூடுதல். மெடிக்கல் எய்டு (இங்குள்ள மருத்துவக் காப்பீடு) இருக்கிறதே என்பதற்காக எடுக்க வேண்டியதில்லை. வேரை ஒட்டிக் கிடக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால் எடுக்கலாம்.

சரி, உபரிப் பல்லை எப்போது எடுப்பது? ஐந்தாறு வயதிலேயே எடுத்தால் நிரந்தரப் பல் தானாக இறங்க நல்ல வாய்ப்பு, இடமும் போகாது. ஆனால் வளரும் பல் முளையில் கருவி படலாம், மயக்க மருந்தும் தேவைப்படலாம். எட்டு, பத்து வயதுவரை பொறுத்தால் வேர் உருவாகியிருக்கும், பிள்ளையும் ஓரளவு ஒத்துழைப்பான். அதற்குள் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடம் போய்விட்டால் ஈறைத் திறந்து, சங்கிலி ஒட்டி, கிளிப் போட்டு இழுக்க வேண்டிவரும்.

பல்லின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். கூம்பு மாதிரி இருந்தால் சில சமயம் தானே வெளியே வரும், வந்தால் சாதாரணமாகப் பிடுங்கிவிடலாம். மேலே ஒதுங்கி யாரையும் தொந்தரவு செய்யாமல் கிடந்தால் படம் எடுத்துக் கண்காணித்தாலே போதும். பீப்பாய் வகை லேசில் வெளியே வராது, வழியையும் விடாது. அதற்குக் காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நிறைய உபரிப் பற்கள் இருந்தால் கதை வேறு. காறை எலும்பு சரியாக வளராமல், உபரிப் பற்களும் நிறைய இருக்கும் ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு, அதனால் காறை எலும்பையும் பார்ப்பார்கள். கேப் டவுனில் ஒரே மூதாதையின் வழிவந்த பலருக்கு இந்தப் பரம்பரைக் கோளாறு இருந்ததை 1951-ல் 'அர்னால்ட் தலை' என்ற பெயரில் பதிவு செய்திருக்கிறார்கள்.

எங்கள் பையனுக்கு எடுத்தாயிற்று. ஐந்தாம் மாதம் ஈறில் அரிசி முனை அளவுக்கு வெள்ளை தெரிந்தது. எடுத்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரையில் எறியச் சொன்னார் ஆயா. டர்பனில் சாணிக்கு எங்கே போவது? வெறும் பல்லைத்தான் எறிந்தான். அது உருண்டு திரும்பக் கீழே விழுந்தது.