வட்டமா, பட்டையா?

பட்டை விளக்கப்படத்தை 1786-லும் வட்ட விளக்கப்படத்தை 1801-லும் அச்சில் கொண்டுவந்தவர் ஒருவரே: ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர். ஆனால் இரண்டும் கண்ணுக்குத் தரும் வேலை வேறு.

பட்டைகள் ஒரே கோட்டிலிருந்து எழும்புவதால் எது எவ்வளவு உயரம் என்பது பார்த்தவுடன் தெரியும். வட்டத்தில் கோணத்தை ஊகிக்க வேண்டும். எண் எழுதாத 23 சதவீதத் துண்டையும் 26 சதவீதத் துண்டையும் பிரித்துச் சொல்லப் பலரும் தடுமாறுவார்கள். 1984-இல் புள்ளியியலாளர்கள் கிளீவ்லண்டும் மெக்கில்லும் வெளியிட்ட சோதனைகளிலும் பட்டையே துல்லியமாகப் படிக்கப்பட்டது.

ஒரு பங்கு பாதியா, காலா என்று காட்ட மட்டும் நான் வட்டத்தை எடுப்பேன். அதுவும் இரண்டு மூன்று துண்டுகளுக்குள். முப்பரிமாணச் சாய்வு வேண்டவே வேண்டாம். முன்னால் இருக்கும் துண்டு பெரிதாகத் தோன்றி வாசகரை ஏமாற்றிவிடும்.

பட்டையிலும் ஏமாற்று உண்டு. உயரத்தை அளக்கும் அச்சுக்கோட்டைப் பூஜ்யத்தில் தொடங்காமல் 50-இல் தொடங்கினால், 52-க்குப் பக்கத்தில் 54 இரட்டிப்பாகத் தெரியும்.