டிரையர் சூடாகவில்லையா? முதலில் காற்று வெளியேறும் வழியைப் பாருங்கள்

இலங்கை மலைநாட்டில், எங்கள் தலவாக்கலையில் மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை கொடியில் போட்ட உடுப்பு காயாது. பிள்ளைகளின் வெள்ளை யூனிபோர்ம்கூட ஈர வாடை அடிக்கும். அதற்காகத்தான் டிரையர் வாங்கினோம். ஈரக் காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் சாதாரண வகை, 2000 வோட்ஸ். சில வருடமாக நன்றாக உழைத்தது. போன மழைக்காலத்தில் டிரம் சுற்றியது, காற்று வந்தது, சூடு மட்டும் இல்லை.

ரிப்பேர் பார்க்க வந்த தம்பி மூடியைக்கூடக் கழற்றவில்லை. "ஹீட்டர் போயிருச்சு அக்கா, புதுசு போடணும்" என்றார். "போடலாம் தம்பி, முதல்ல மீட்டர் வச்சுப் பாருங்க" என்றேன். பிளக்கை உருவி, ஹீட்டர் வயர் ஒன்றைக் கழற்றி அளந்தால் 26 ஓம். 230 வோல்ட்டில் 2000 வோட்ஸுக்குக் கணக்கு அதுதான், ஹீட்டருக்கு ஒன்றுமில்லை. அதன் பெட்டியில் இருந்த சின்னத் தெர்மல் பியூஸ்தான், அதாவது சூடு அளவு மீறினால் அறுந்து கரண்டை நிறுத்தும் பாகம்தான், அறுந்திருந்தது. சில மொடல்களில் இது போனால் மோட்டரும் நின்றுவிடும், எங்களுடையதில் சூடு மட்டும் நிற்கிறது.

பியூஸ் சும்மா போகாது. பெரும்பாலும் காற்று அடைபட்டு உள்ளே சூடு ஏறினால்தான் போகும். குழாயைக் கழற்றிப் பார்த்தோம். சுவரைத் தாண்டும் இடத்தில் உடுப்பிலிருந்து உதிர்ந்த பஞ்சு, நனைந்த கம்பளி மாதிரித் தடித்துக் கிடந்தது. கையை விட்டுப் பிய்த்துத்தான் எடுக்க முடிந்தது. நம்ம மலைநாட்டுக் குளிரில் சுவர் எப்போதும் சில்லென்றிருக்கும். சூடான ஈரக் காற்று அங்கே பட்டதும் தண்ணீராகிறது, பஞ்சு அதில் ஒட்டிக்கொள்கிறது. இதைச் சுத்தம் செய்யாமல் புது பியூஸ் போட்டால் அதுவும் போய்விடும்.

பஞ்சைப் பிடிக்கும் பில்டர் வலையைக் கழற்றி அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வழியாமல் தேங்கி நின்றால் துணி மென்மையாக்கும் திரவத்தின் படலம் அடைத்திருக்கிறது. சவர்க்காரமும் பழைய பல் தூரிகையும் போதும்.

பியூஸைத் தவிர்த்து வயரை நேராக முறுக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து விடாதீர்கள். பஞ்சு நெருப்புப் பிடிக்கக்கூடியது, வீடே போய்விடும். அப்புறம், அமெரிக்க வீடியோக்களில் பிரேக்கரின் ஒரு பாதி விழுந்தால் டிரம் சுற்றும், சூடு வராது என்பார்கள். அது இரண்டு லைன் சேர்ந்து வரும் அவர்களுடைய 240 வோல்ட் இணைப்புக்கு. நம் வீடுகளில் பெரும்பாலும் ஒற்றை 230 வோல்ட் லைன்தான், கரண்ட் இல்லையென்றால் எதுவுமே ஓடாது.

இப்போது குழாயைக் குட்டையாக, வெளிப்பக்கம் சரியும்படி போட்டிருக்கிறோம், தண்ணீர் வெளியே வடிந்துவிடுகிறது. சூடு திரும்பிவிட்டது. மாலையில் மட்டும் கொஞ்சம் மந்தம், அது மெஷினின் குறை இல்லை. லைனில் 190 வோல்ட்டுக்கு இறங்கினால் 2000 வோட்ஸ் ஹீட்டர் ஏறத்தாழ 1,360 வோட்ஸ்தான் தரும். அதனால் தடித்த துவாய்களைக் காலையிலேயே போட்டுவிடுகிறேன்.