பாய்மரத்தைத் தாங்க எஃகு வடமா, டைனீமா கயிறா?

சிறிய பாய்மரப் படகின் பழைய தாங்குவடங்களைக் குறைந்த செலவில் மாற்ற விரும்புவோர் எஃகு வடத்துக்கும், டைனீமா என்னும் வலுமிக்க செயற்கை இழைக் கயிற்றுக்கும் இடையே தயங்குகின்றனர்.

செலவு: 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு வடத்தின் முனைகளில் உலோக முனைக்குழாயை அழுத்திப் பொருத்தப் பெரும்பாலும் பட்டறையை நாட வேண்டும். டைனீமாவின் முனைகளை உரிமையாளரே கையால் பின்னிக்கொள்ளலாம் என்பதால் கூலி மிச்சமாகும்.

நீடித்து உழைக்கும் திறன்: எஃகு, முனைக்குழாயின் உள்ளே கண்ணுக்குப் புலப்படாமல் உப்பால் அரிக்கப்பட்டு முன்னறிவிப்பின்றி அறுந்துவிடக்கூடும் என்பதே என் பெரிய கவலை, 10 முதல் 15 ஆண்டுகளில் அதை மாற்றிவிடுவது வழக்கம். டைனீமா துருப்பிடிக்காவிட்டாலும் வெயிலிலும் உராய்விலும் நலிகிறது. எனினும் உராய்ந்த இடம் வெளியே தெரிந்துவிடும். தொடர்ந்த இழுவிசையில் அது மெல்ல நீள்வதால், அறுபடும் வலுவை மட்டும் நம்பாமல் தடிமனைக் கூட்டியே வாங்க வேண்டும்.

அடிக்கடி கவனிக்க இயலாதவருக்கு எஃகே ஏற்றது. தாமே பின்னி, இறுக்கத்தை அவ்வப்போது சரிசெய்யக்கூடியவர், வடம் உராயும் இடங்களையெல்லாம் வழவழப்பாகத் தேய்த்துவிட்டு டைனீமாவுக்கு மாறலாம்.