மருதமுனைக் கைத்தறிக்கு ஒரு புது இணையத்தளம்: செய்து தந்தவர்களைப் பற்றி

இலங்கையின் கிழக்கே மருதமுனையில் எங்களுக்குக் கைத்தறிச் சாரன், சாறிக் கடை. கடையின் பழைய இணையத்தளத்தைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று செய்யும் வேலையைக் கல்முனையில் இரண்டு தம்பிமார் நடத்தும் சிறிய வடிவமைப்புச் சேவையிடம் கொடுத்தோம். ஒரு பெருநாள் வியாபாரமும் அதில் பார்த்தாகிவிட்டது. நம்பிக் கொடுக்கலாம்.

பழையதை வேறொருவர் செய்திருந்தார். திறந்ததும் ‘நல்வரவு’ என்று ஒரு படம் ஓடும், அடுத்து சூரியோதயம், அதற்கடுத்து யாரோ இருவர் கைகுலுக்குவார்கள். துணியைக் காணக் கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டும். தமிழ் அதைவிட மோசம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டியிருந்தார். அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழாகத் தெரியும், வாடிக்கையாளரின் போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். கனடாவிலிருந்து ஒருவர் அதைப் படம் பிடித்து அனுப்பி, “உங்கட சைட்டை ஆரோ ஹேக் பண்ணிட்டாங்களா?” என்று கேட்டார். அவர் பிறகு எதுவும் வாங்கவில்லை.

தம்பிமார் வந்ததும் நிறம், டிசைன் எதையும் பேசவில்லை. “காக்கா, கடைக்கு வாற ஆக்கள் முதல்ல என்ன கேப்பாங்க?” என்றார்கள். என்ன விலை, கரை என்ன நிறம், ஊருக்கு அனுப்புவீங்களா. இந்த மூன்றுக்கும் பதில் இப்போது போன் திரையில், விரலால் தள்ளாமலே தெரிகிறது. ஓடும் படங்கள் போய், ஒரே ஒரு நீலச் சாறி நிற்கிறது. கரையை மடித்து, இழை எண்ணுமளவுக்குக் கிட்ட வைத்து எடுத்த படம். அதைக் கடைக்குள் எடுக்க விடவில்லை. டியூப் லைட்டில் நீலம் பச்சை அடிக்கும், பொதி பிரித்தவர் ஏமாந்துபோவார் என்று முற்றத்து நிழலுக்குக் கொண்டுபோனார்கள். அந்த அக்கறைக்காகவே கூலி கொடுக்கலாம்.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2006இல் வெளிவந்த ஆய்வொன்று, ஒரு பக்கம் கண்ணுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பதை ஆட்கள் 50 மில்லிவிநாடியிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள் என்கிறது. விநாடியில் இருபதில் ஒரு பங்கு! ஆனால் பக்கம் திறந்தால்தானே அந்தப் பார்வையும். முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். அதற்காக, பல மெகாபைட் கனமான படங்களைத் திரை அகலத்துக்குச் சுருக்கி, கனம் குறைந்த வெப்பி (WebP) என்ற பட வடிவத்துக்கு மாற்றினார்கள். படம் வந்து சேரும் இடத்தையும் முன்கூட்டியே ஒதுக்கிவிட்டார்கள், அதனால் விலையைத் தொடப் போகும்போது எழுத்து கீழே குதிப்பதில்லை. தமிழ் முழுவதும் யுனிகோட், அதாவது தனி எழுத்துரு போடாமலே போனில் தமிழாகத் தெரியும் முறை.

குறை இல்லாமல் இல்லை. சொன்ன தவணைக்கு முடிக்கவில்லை, பெருநாளுக்குக் கிட்டத்தில்தான் தந்தார்கள். வாட்ஸ்அப் பட்டன் சிறிய போன்களில் விலையை மறைத்தது, சொன்னதும் நகர்த்தினார்கள். தமிழ்ப் பக்கத்தில் ஓடர் பட்டன் மட்டும் இன்னும் ஆங்கிலத்தில் கிடக்கிறது. கேட்டால் “செய்யிறம் காக்கா” என்கிறார்கள். எங்கள் உம்மாமார் தொடுகிற பட்டன் அது, சீக்கிரம் செய்ய வேண்டும்.

கொடுக்க நினைப்பவர்கள் நல்ல பகல் வெளிச்சமுள்ள ஒரு காலை நேரத்தைப் படம் எடுப்பதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, கட்டாயம் உங்கள் பெயரிலேயே பதியச் சொல்லுங்கள். முன்பு செய்தவர் தன் பெயரில் வைத்திருந்ததால் பழைய முகவரி எங்களுக்குக் கிடைக்கவே இல்லை.