வைகைக் கரையா, மாசி வீதிகளா?

மதுரையின் மிதிவண்டித் தடத்தை வைகைக் கரைச் சாலைகளில் அமைத்தால் குறுக்குச் சந்திப்புகள் குறைவாக இருக்கும். ஆயினும் அது காலை உடற்பயிற்சிக்கே பெரிதும் பயன்படும் என அஞ்சுகிறேன். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளையே முதலில் எடுக்க வேண்டும். ஏனெனில் கடைச் சரக்கு கொண்டுசெல்வோரும், அரசின் விலையில்லா மிதிவண்டியில் பள்ளி செல்லும் மாணவர்களும் அங்கே ஏற்கெனவே நெரிசலுக்கிடையே ஓட்டுகிறார்கள்.

சித்திரைத் திருவிழாவில் தேர் வலம்வரும் வீதிகள் என்பதால் நிலையான தடுப்புச் சுவர் அங்கே பொருந்தாது. வண்ணக்கோடும், கழற்றி எடுக்கத்தக்க கம்பங்களும், சரக்கு இறக்குவதற்கான நேரக் கட்டுப்பாடுமே ஏற்றவை. அந்த நேரத்தைக் கடைக்காரர்களையும் சுமைதூக்கும் தொழிலாளர்களையும் கேட்காமல் முடிவுசெய்யக் கூடாது. மாநகராட்சியின் வார்டுக் கூட்டங்களைப் பள்ளி விட்டபின் மாலையில் நடத்தினால், தாங்கள் கடக்க அஞ்சும் சந்திப்புகளை மாணவிகளே வரைபடத்தில் குறித்துக் காட்ட இயலும்.