மூன்று ஆண்டுகளாக வீட்டில் யூனோஹோஸ்ட்

நான் கணக்கர், கணினி படித்தவன் இல்லை. சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், டிவிக்குப் பின்னால் ஒரு பழைய லேப்டாப் மூன்று ஆண்டுகளாக அணையாமல் ஓடுகிறது. குடும்பப் படங்கள் எல்லாம் அதிலுள்ள நெக்ஸ்ட்கிளவுடில்தான் இருக்கின்றன; கூகுள் டிரைவ் போல, ஆனால் நம் சொந்தக் கணினியிலேயே கோப்புகளை வைத்துக்கொள்ள உதவும் மென்பொருள் அது.

முதலில் நெக்ஸ்ட்கிளவுடை நானே நிறுவப் பார்த்தேன். வெப் சர்வர், பிஎச்பி, டேட்டாபேஸ் என்று ஒவ்வொன்றாகப் போட்டதில் மூன்று வார இறுதிகள் போயின. மிஞ்சியது வெற்றுத் திரை. அப்புறம் தம்பி மகன் யூனோஹோஸ்டைக் காட்டினான். வீட்டுக் கணினியைச் சர்வராக்கி, இப்படிப்பட்ட செயலிகளை எளிதாக நிறுவித் தரும் கட்டற்ற மென்பொருள் அது; டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மேல் கட்டப்பட்டது. யுஎஸ்பியிலிருந்து அதை லேப்டாப்பில் ஏற்றினோம். மற்றதெல்லாம் பிரவுசரிலேயே முடிந்தது: பட்டியலில் நெக்ஸ்ட்கிளவுடைத் தொட்டு, முகவரியும் நிர்வாகி பெயரும் கொடுத்தேன், அவ்வளவுதான். தளத்துக்கான இணைப்பைப் பாதுகாப்பாக்கும் இலவச லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். அதைக்கூட அதுவே புதுப்பித்துக்கொள்கிறது.

இத்தனை நாள் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. ஒருமுறை நெக்ஸ்ட்கிளவுட் அப்டேட் பாதியில் நின்றுவிட்டது. எனக்குக் கை நடுங்கியது, ஆறு வருடப் படங்கள் உள்ளே இருக்கின்றன. ஆனால் அப்டேட்டுக்கு முன்பே யூனோஹோஸ்ட் பேக்கப் எடுத்து வைத்திருந்தது. தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டு, என்ன ஆனது என்ற பதிவையும் காட்டியது. அடிப்படை டெபியன் 11இலிருந்து 12க்கு மாறியதும் பிரவுசரில்தான்.

சிரமப்பட்டது ஒரே இடத்தில். இணையத் திட்டத்தை மாற்றியதும் வெளியிலிருந்து படங்களைப் பார்க்க முடியவில்லை. 443ஆம் போர்ட்டை, அதாவது பாதுகாப்பான இணையத் தளங்களுக்கான வழியை, வெளியிலிருந்து எட்ட முடியவில்லை என்று யூனோஹோஸ்டின் பரிசோதனைப் பக்கம் சொன்னது. இணைய நிறுவனத்துக்கு நான்கு முறை போன் செய்த பிறகுதான் தெரிந்தது, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பின் எண்) கொடுத்திருந்தார்கள்; அதனால் வெளியிலிருந்து வருவது எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. தனி முகவரி கேட்டு வாங்கினேன்.

இந்த இடத்தில்தான் யூனோஹோஸ்ட் இன்னும் எளிதாக வேண்டும். போர்ட் என்றால் என்ன என்று அம்மா கேட்டபோது, ஐபி முகவரி புளோக் எண், போர்ட் வீட்டு எண் என்றேன். உடனே புரிந்தது அவருக்கு. அப்படி இரண்டு வரி அந்தப் பக்கத்திலேயே இருந்தால் என் போன்றவர்கள் பாதியில் விடமாட்டார்கள்.

இதை நம்பி மற்றொரு பேக்கப் எடுக்காமல் இருக்காதீர்கள். சிம் லிம் ஸ்கொயரில் வாங்கிய ஹார்டு டிஸ்க்கில் மாதம் ஒரு நகல் எடுத்து, தெம்பனிஸில் தங்கை வீட்டில் வைக்கிறேன். அடுத்த மாதம் அவளுக்கும் ஒன்று நிறுவித் தரப் போகிறேன். வெளியிலிருந்து போர்ட்டை எட்டுவதற்கு ரவுட்டரில் செய்ய வேண்டியதை மட்டும் ஒரு தாளில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்.