மூன்று வருடமாக ட்ராப்பி: படத்தோடு அதன் அளவையும் எழுதுகிறேன்

பெரியப்பா காவேரிப்பட்டினத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் விட்டுப்போன நான்கு டிரங்குப் பெட்டிப் படங்களை மூன்று வருடமாக ஸ்கேன் செய்து, படங்களையும் அவற்றின் விவரங்களையும் ஒழுங்காகப் பதிந்துவைக்க உதவும் ட்ராப்பி மென்பொருளில் பதிந்து வருகிறேன். இலவசம்தான். படத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஒரே பதிவில் சேர்க்கலாம். வேண்டிய கட்டங்களை நாமே அமைத்துக்கொள்ளலாம்.

முதல் ஆறு மாதம் யார், எங்கே, எப்போது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். 'ஃபார்மட்' கட்டத்தில் எல்லாவற்றுக்கும் 'டிஃப்' என்று போட்டேன். அது ஸ்கேன் கோப்பின் வகை. பெட்டியிலிருந்து எடுத்தது கண்ணாடித் தகடா, ஃபிலிமா, காகிதமா என்று அதில் தெரியாது.

கே.ஆர்.பி. அணையில் (கிருஷ்ணகிரி அணை) எடுத்த குடும்பப் படம் இரண்டு முறை பதிவாகியிருந்தது. ஒன்றை அழிக்கப் போனேன். பெரிதாக்கிப் பார்த்தால், ஒன்றில் மட்டும் கீழே தரையில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவிடம் காட்டினேன். "நான்தான்டா அது" என்றார். பெட்டியைக் கிளறித் தேடிய பிறகுதான் விளங்கியது: ஒன்று 6×6 செ.மீ. நெகட்டிவ், இன்னொன்று 9×14 செ.மீ. போஸ்ட்கார்டு பிரின்ட். சதுரப் படத்தை அகலவாக்கில் அச்சிட மேலேயும் கீழேயும் வெட்டியிருக்கிறார் பெரியப்பா. அந்த வெட்டில் அம்மா போய்விட்டார்.

அன்றிலிருந்து ஸ்கேல் இல்லாமல் ஸ்கேனரைத் திறப்பதில்லை. விவரக் கட்டங்களுக்குப் பொதுவான பெயர்கள் வகுத்துத் தரும் டப்ளின் கோர் முறையில் ஃபார்மட்டின் உட்பிரிவாக அளவுக்கு 'எக்ஸ்டென்ட்', பொருளுக்கு 'மீடியம்' என்று தனித்தனியே உண்டு. இரண்டையும் சேர்த்தேன். '120 ஃபிலிம் நெகட்டிவ், கறுப்பு வெள்ளை' என்று முழுதாக எழுதுகிறேன் (120 என்பது ஒரு ரோல் ஃபிலிம் வகை). அட்டையில் ஒட்டிய படமென்றால் படத்துக்கு ஓர் அளவு, அட்டைக்கு ஓர் அளவு. ஃபிலிமில் வினிகர் வாடை வந்தால் அதையும் குறித்து, தனிக் கவரில் போடுகிறேன். அசிடேட் ஃபிலிம் கெடத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம்.

பின்பக்க முத்திரையும் முக்கியம். சில பிரின்ட்களில் 'சேலம் ஜில்லா' என்று இருக்கிறது. காவேரிப்பட்டினம் இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது 1965இல், அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல். ஆனால் பழைய முத்திரையைத் தேயும்வரை குத்தியிருப்பார்கள். அதனால் '1965க்கு முன் இருக்கலாம்' என்பதோடு நிற்கிறேன்.

இன்னொன்று: ட்ராப்பி தகவலைத் தன் கோப்பில்தான் வைக்கும், படக் கோப்பைத் தொடாது. எனவே அளவு, பொருள் வரிகளை படக் கோப்புக்குள் விவரம் எழுதும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் வழியாக டிஃப் கோப்புக்குள்ளும் எழுதிவிடுகிறேன்.

முதல் ஆறு மாதப் படங்களை மறுபடி அளக்கும் வேலை இன்னும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ஸ்கேலை வைத்து அளவு சொல்கிறார், நான் தட்டச்சு செய்கிறேன்.